ஸ்லாவிய – யூரேசிய ஆய்வு: மொழி எங்கே படிப்பது, பணம் யார் தருவார்கள்?

வினவி எழுதியது:

வரலாற்றில் எம்.ஏ. இறுதியாண்டு. சோவியத் கால உஸ்பெகிஸ்தானில் பாசனக் கால்வாய்கள், பருத்தி ஆகியவை பற்றி ஆய்வு செய்ய விருப்பம். சிரிலிக் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வரும். அதைத் தாண்டி ரஷ்ய மொழி தெரியாது. உஸ்பெக் அறவே தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்குள் பிஎச்.டி.க்கோ, இந்தத் துறையிலேயே இன்னொரு முதுகலைக்கோ விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்க வந்தது இவைதான். முதலில் ரஷ்ய மொழியா, உஸ்பெக்கா? ரஷ்யாவுக்குப் போகாமல் ரஷ்ய மொழியை உருப்படியாகப் படிக்க எந்த ஊர் நல்லது? இணையத்தில் சுற்றும் ஸ்காலர்ஷிப் பட்டியல்களில் பெரும்பாலானவை "அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்" என்று முடிகின்றன. மற்றவர்கள் எங்கே போவது? பிஎச்.டி. விண்ணப்பத்தின்போது மொழி எந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும்?

---

கூகை எழுதியது:

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். காரணம், பலரும் அங்கேதான் ஆறு மாதத்தை வீணடிக்கிறார்கள்.

பட்டியலை எடுத்ததும் முதலில் பாஸ்போர்ட்டை வைத்து வடிகட்டுங்கள். அமெரிக்க அரசின் மொழிக் கல்வி உதவித்தொகைகளில் கிரிட்டிகல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப், போரன் இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஃப்ளாஸ் அங்கே நிரந்தர வசிப்புரிமை வைத்திருப்பவர்களுக்கும் உண்டு, அவ்வளவுதான். இவற்றை அடித்துவிட்டால் பட்டியல் பாதியாகிவிடும். மீதியிலும் கவனம் தேவை. 2025-ல் அமெரிக்க அரசு இந்தத் துறைக்குக் கொடுத்துவந்த நிதி பெரிய அளவில் வெட்டப்பட்டது, அதனால் அதற்கு முந்தைய பட்டியல் எதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

குடியுரிமை பார்க்காமல் கிடைக்கும் பெரிய பணம் உண்மையில் ஸ்காலர்ஷிப் பட்டியல்களிலேயே வராது. அமெரிக்கப் பல்கலைகளின் பிஎச்.டி. சேர்க்கைதான் அது. நல்ல துறைகளில் சேர்க்கை கிடைத்தாலே ஐந்தாண்டுக்கான கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கூடவே வரும். ஆனால் "யூரேசிய ஆய்வு" என்ற பெயரில் பிஎச்.டி. தரும் இடங்கள் அபூர்வம். ஹார்வர்டின் டேவிஸ் மையம் (1948), கொலம்பியாவின் ஹாரிமன் நிறுவனம் (1946) இரண்டும் முக்கியமான இடங்கள்தான், ஆனால் முனைவர் பட்டத்துக்குச் சேர்ப்பது மையம் அல்ல, துறை. நீங்கள் வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பித்து, உள்ளே போன பிறகு மையத்தின் பயணநிதியையும் கோடைநிதியையும் கேட்க வேண்டும். ஸ்லாவிய மொழித் துறைக்குத் தெரியாமல் விண்ணப்பித்துவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் இலக்கியமும் மொழியியலும்தான். கால்வாய் ஆராய்ச்சியைப் பார்த்தால் "எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். விதிவிலக்கு இண்டியானா பல்கலையின் மத்திய யூரேசிய ஆய்வுத் துறை. உஸ்பெக், கசாக், உய்கூர், மங்கோலியம் எல்லாம் கற்பித்துவந்த இடம். ஆனால் 2025-ல் அந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைகளில் பல பட்டப்படிப்புகள் நிறுத்தப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் "இந்த ஆண்டு சேர்க்கை உண்டா" என்று துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

முதுகலை என்றால் எராஸ்மஸ் முண்டுஸ், ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் கூட்டு முதுகலைத் திட்டம். கிளாஸ்கோ பல்கலை தலைமையில் நடக்கும் மத்திய–கிழக்கு ஐரோப்பிய, ரஷ்ய, யூரேசிய ஆய்வுக்கான சர்வதேச முதுகலை உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். இரண்டு ஆண்டு, ஒரு பகுதி பங்காளிப் பல்கலையில். தார்த்து, கிராக்கூஃப் போன்றவை அந்தக் கூட்டில் இருந்திருக்கின்றன. உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, கட்டணம் கிடையாது. விமானச் செலவு, விசாச் செலவு எல்லாம் அந்த 1,400-க்குள் அடக்கம். இதில் ஒரு பொறி உண்டு. உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கும் "இடம் உண்டு, சொந்தச் செலவில் வரலாம்" என்று கடிதம் வரும். வாழ்த்துக் கடிதம் மாதிரியே இருக்கும். அவசரத்தில் ஒப்புக்கொண்டால் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான முழுக் கட்டணம் உங்கள் தலையில்.

அடுத்து ரஷ்ய அரசின் ஒதுக்கீடு. போக விருப்பமில்லை என்றீர்கள். இருந்தாலும் பலர் கேட்பதால் எழுதிவைக்கிறேன். 2023 முதல் ஆண்டுக்கு 30,000 இடங்கள். விண்ணப்பம் இணையத்தில், ஆறு பல்கலைகள் வரை வரிசைப்படுத்தித் தரலாம். முதல் சுற்றுத் தேர்வு உங்கள் நாட்டிலேயே, தூதரகம் அல்லது ரஷ்யப் பண்பாட்டு மையம் வழியாக நடக்கும். தேறியவர்களின் கோப்பு நீங்கள் கொடுத்த வரிசைப்படி பல்கலைகளுக்குப் போகும். ஒருவர் மறுத்தால் அடுத்தவருக்கு. பட்டியலைப் பெரிய பெயர்களாலேயே நிரப்புகிறவர்கள் அத்தனையிலும் மறுக்கப்படுவது வாடிக்கை. இரண்டு பெரிய பெயர், நான்கு மாகாணப் பல்கலை என்று கலந்து கொடுப்பதே புத்திசாலித்தனம். மொழி தெரியாதவர்களுக்கு முதலாண்டு ஆயத்தப் பிரிவு. அது நீங்கள் தேர்ந்த ஊரிலேயே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாத உதவித்தொகையை வைத்து வாழ முடியாது. பயணமும் காப்பீடும் உங்கள் செலவு, விடுதிக்கும் வாடகை உண்டு. மார்ச் 2022-க்குப் பிறகு வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது. பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

---

மேசைவிளக்கு எழுதியது:

கூகை சொன்னதற்குச் சின்னத் திருத்தம்: 30,000 என்பது உலகம் முழுவதற்குமான மொத்தம். நாடுவாரியாகப் பிரிப்பார்கள், சில நாடுகளுக்குச் சொற்ப இடங்களே. மொத்த எண்ணைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

போகிறவர்கள் கவனிக்க: முதல் கல்வி விசா பொதுவாக 90 நாளுக்கு, ஒரே நுழைவு. அங்கே போன பின் பல்கலைதான் அதைப் பலமுறை நுழையும் விசாவாக நீட்டிக்கும். நீட்டிப்பு நடந்துகொண்டிருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது. எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று இல்லாமல் விசாவே கிடையாது. 90 நாளுக்கு மேல் தங்குபவர்களுக்குக் கைரேகைப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம்.

இன்னொன்று, எதிர்காலக் கணக்கு. உக்ரைன், பால்டிக் நாடுகள் பக்கம் பிறகு ஆவணக் காப்பகம் போக வேண்டிய தலைப்பு என்றால், பாஸ்போர்ட்டில் ரஷ்யக் கல்வி விசா இருப்பது கேள்விகளை எழுப்பும். யாருக்கு எந்தப் பக்கம் தேவை என்பதைத் தலைப்புதான் முடிவு செய்ய வேண்டும்.

---

செம்மரம் எழுதியது:

மொழிக் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தலைப்புக்கு முதலில் ரஷ்ய மொழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திட்டக் குழுவின் கோப்பு, நீர்வளத் துறையின் கணக்கு, மாஸ்கோவுக்கும் தாஷ்கண்டுக்கும் போய்வந்த கடிதம் எல்லாம் ரஷ்ய மொழியில். உஸ்பெக் தெரியாமல் ஒரு ஆய்வேட்டைத் தொடங்க முடியும்; ரஷ்ய மொழி தெரியாமல் தொடங்கவே முடியாது. ஆனால் ரஷ்ய மொழியோடு நின்றுவிட்டால் மேலிடத்துக் குரல் மட்டுமே கேட்கும்.

உதாரணத்துக்குப் பெரிய ஃபெர்கானா கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல், சுமார் 270 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,60,000 கூட்டுப்பண்ணை விவசாயிகள், 45 நாளில் வெட்டி முடித்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. இந்த 45 நாள் புராணத்தை ரஷ்ய ஆவணம் தாராளமாகச் சொல்லும். வெட்டப் போனவர்களை எப்படித் திரட்டினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கிராமம் முணுமுணுத்தது என்பதற்கு உள்ளூர் உஸ்பெக் பத்திரிகையும் மாவட்டக் கோப்பும் வேண்டும். இங்கே ஒரு சிக்கல். உஸ்பெக் மொழி 1920-களின் கடைசிவரை அரபு எழுத்தில் இருந்தது, பிறகு 1940 வரை லத்தீன், அதன்பின் சிரிலிக், 1993-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு மறுபடி லத்தீன். அந்தப் பழைய லத்தீனும் இன்றைய லத்தீனும் ஒன்றல்ல. 1939-ன் பத்திரிகை பழைய லத்தீனில் இருக்கும். இன்றைய பாடநூலில் படித்துவிட்டுப் போகிறவர் முதல் வாரம் திணறுவார். எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் கையால் பெயர்த்து எழுதினால் பழகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோரை வைத்துப் போட்ட கணக்கில் ரஷ்ய மொழிக்கு 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி. உஸ்பெக், கசாக், கிர்கிஸ் மொழிகளையும் அதே அடுக்கில்தான் வைத்திருக்கிறார்கள். தமிழ் பேசுபவருக்கு இந்த மூன்றும் அதைவிட இலகு என்பது என் கருத்து. வினை கடைசியில், உருபுகள் பெயருக்குப் பின்னால் வரிசையாக ஒட்டும், "வந்த ஆள்", "நேற்று வாங்கிய புத்தகம்" என்று நாம் பெயரெச்சம் போட்டுச் சொல்வதை அவர்களும் அதே வரிசையில் சொல்வார்கள். ஆங்கிலப் பாடநூல் இந்த இடத்தை நாலு பக்கத்துக்கு விளக்கும். நீங்கள் தாண்டிப் போகலாம். இலக்கணப் பாலும் கிடையாது.

ரஷ்ய மொழித் தேர்வான டோர்ஃபிள் நிலைகளை அளவுகோலாக வையுங்கள். ஏ1-க்கு 780 சொல், ஏ2-க்கு 1,300, பி1-க்கு 2,300. பி2 என்றதும் ஒரேயடியாக 10,000-க்குத் தாவும். பி1-லிருந்து பி2-க்குப் போகும் வழியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஏ1, ஏ2 வேகத்தை அங்கே எதிர்பார்த்து மனம் உடைகிறார்கள். தேர்வில் சொல்வளமும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என ஐந்து பகுதி. ஒவ்வொன்றிலும் 66 விழுக்காடு வேண்டும். மொத்தக் கூட்டலில் தேறினால் போதும் என்று நினைத்து, பேச்சில் கோட்டை விடுவது வழக்கமாக நடப்பது.

ஊர்? உங்கள் தலைப்புக்கு பிஷ்கேக். கிர்கிஸ்தானில் கிர்கிஸ் அரச மொழி, ரஷ்யன் ஆட்சி மொழி. நகரத்தில் கடையிலும் பேருந்திலும் ரஷ்யன் புழங்குகிறது. தனிவகுப்பு எடுக்கும் பள்ளிகள் உண்டு. அதே ஊரில் இரண்டாம் மொழியாக, உஸ்பெக் சேர்ந்த துருக்கிய மொழிக் குடும்பத்தின் ஒரு மொழியையும் தொடங்கிவிடலாம். குடும்பத்தோடு தங்க ஏற்பாடு செய்தால் ஒன்றை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: வீட்டுக்குள் எந்த மொழி பேசுகிறார்கள் என்று. விருந்தாளியிடம் ரஷ்யனில் பேசிவிட்டு தமக்குள் முழுக்கக் கிர்கிஸ் பேசும் வீடு என்றால், சாப்பாட்டு மேசையில் நீங்கள் ஊமை.

கசாகிஸ்தானின் அல்மாத்தியும் நல்ல இடம்தான், செலவு கூட. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேண்டும் என்றால் லாத்வியாவின் தௌகாவ்பில்ஸ், எஸ்தோனியாவின் நார்வா. இரண்டிலும் தெருவில் ரஷ்யன்தான் அதிகம் கேட்கும். நார்வாவில் தார்த்து பல்கலையின் கல்லூரியும் இருக்கிறது. ஜார்ஜியாவின் திபிலிசியில் நல்ல ஆசிரியர்கள் கிடைப்பார்கள். ஆனால் வகுப்புக்கு வெளியே கண்டவரிடமெல்லாம் ரஷ்யனில் பேச்சுக் கொடுத்துப் பழகும் ஊர் அல்ல அது. இளைஞர்கள் பலர் பேச விரும்ப மாட்டார்கள், ரஷ்யா மீதான கசப்புதான் காரணம்.

---

மேசைவிளக்கு எழுதியது:

அமெரிக்கக் கோடைப் பள்ளிகளைக் கூகை விட்டுவிட்டார். இண்டியானா, அரிசோனா மாநிலப் பல்கலை, மிடில்பரி மூன்றும் வெளிநாட்டவரையும் எடுப்பார்கள். மிடில்பரியின் ரஷ்யப் பள்ளி 1945-லிருந்து நடக்கிறது. எட்டு வார காலமும் படிக்கும் மொழியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று கையெழுத்து வாங்குவார்கள். கோடைப் பள்ளியில் ஒரு கல்லூரி ஆண்டின் பாடம் எட்டு வாரத்தில் ஓடும். காலை நான்கு மணி நேரம் வகுப்பு, மாலையில் அதே அளவு வீட்டுப்பாடம். "கூடவே ஆய்வுக் கட்டுரையையும் முடித்துவிடலாம்" என்று போகிறவர் இரண்டையும் கெடுத்துக்கொள்வார். பணம் கேட்கும் பெட்டி விண்ணப்பத்திலேயே இருக்கும். அதை டிக் செய்யாமல் பிறகு மின்னஞ்சலில் கெஞ்சுவது பலிக்காது. விசாவைப் பொறுத்தவரை, வாரம் 18 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு இருந்தால் சுற்றுலா விசாவில் படிக்க முடியாது. மாணவர் விசாவுக்கான படிவத்தைப் பள்ளி அனுப்ப நாளாகும். மார்ச் மாதத்துக்குள் சேர்க்கை உறுதியாகவில்லை என்றால் அந்தக் கோடையை மறந்துவிடலாம்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக, ரஷ்யன் அல்லாத ஸ்லாவிய மொழிகள் பற்றி. இங்கே போட்டி குறைவு, கை தாராளம். போலந்தின் நாவா அமைப்பு மூன்று நான்கு வாரக் கோடை வகுப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. செக் அரசு பிராக், பிர்னோ, ஒலோமொட்ஸ் போன்ற ஊர்களின் கோடைப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்குகிறது. பெரும்பாலும் நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தம் வழியாக, ஆகவே தூதரகத்தை முதலில் கேளுங்கள். பிராட்டிஸ்லாவாவின் ஸ்டூடியா அகாதெமிகா ஸ்லோவாகா, லூப்லியானாவின் ஸ்லோவேனிய மொழிக் கருத்தரங்கு இரண்டும் 1965-ல் தொடங்கியவை. மாசிடோனியத்துக்கு ஓஹ்ரித் ஏரிக்கரையில் ஒன்று. ஸ்லோவாக் தேசிய உதவித்தொகைக்கு ஆண்டில் இரண்டு கடைசி நாள்: ஏப்ரல் 30, அக்டோபர் 31. அன்று மாலை நான்கு மணிக்கே வாசல் மூடிவிடும், நள்ளிரவு இல்லை. ஸ்லாவிய இலக்கியத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு ரஷ்யனுக்கு அடுத்து இன்னொரு ஸ்லாவிய மொழி பெரும்பாலும் கட்டாயம் என்பதால் இவை வெறும் சுற்றுலா அல்ல. வினவிக்கு இவை வேண்டியதில்லை, உஸ்பெக் போதும்.

உக்ரைனியம் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஹார்வர்டின் உக்ரைனியக் கோடைப் பள்ளி இருக்கிறது. லிவீவின் கத்தோலிக்கப் பல்கலை இணையவழியிலும் கற்பிக்கிறது.

---

வினவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிஷ்கேக் யோசனை பிடித்திருக்கிறது. இரண்டு கேள்வி மிச்சம். விண்ணப்பத்தில் மொழித் திறனை எப்படிக் காட்டுவது? தாஷ்கண்ட் காப்பகத்துக்குள் விடுவார்களா, இல்லையென்றால் ஆய்வே நின்றுவிடாதா? அத்தோடு, பிஷ்கேக் போகும்வரை வீட்டிலிருந்தபடி எப்படித் தொடங்குவது?

---

தொல்லெழுத்து எழுதியது:

காப்பகத்தைப் பற்றி முதலில். தாஷ்கண்டின் மத்திய அரசுக் காப்பகத்துக்குத் தனிஆளாகப் போய் நிற்க முடியாது. உங்கள் பல்கலையின் கடிதம் வேண்டும், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் ஆதரவும் இருந்தால் நல்லது. அனுமதி வர எத்தனை காலம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே விண்ணப்பத்தில் தாஷ்கண்ட் ஒன்றை மட்டும் நம்பித் திட்டம் எழுதாதீர்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும், "அனுமதி கிடைக்காவிட்டால்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. இரண்டாவது, மூன்றாவது வழியை நீங்களே எழுதிவிட வேண்டும்.

அந்த வழிகள் என்ன? அல்மாத்தியில் கசாகிஸ்தானின் மத்தியக் காப்பகம் இருக்கிறது. எல்லை தாண்டிய பாசனம் என்று தலைப்பைக் கொஞ்சம் அகட்டினால் அங்கே நிறையக் கிடைக்கும். ஸ்டான்ஃபர்டின் ஹூவர் காப்பகத்தில் சோவியத் கட்சி ஆவணங்களின் மைக்ரோஃபிலிம் உண்டு. புடாபெஸ்டின் திறந்த சமூகக் காப்பகத்தில் அமெரிக்க நிதியில் நடந்த வானொலியான ரேடியோ ஃப்ரீ யூரோப் – ரேடியோ லிபர்ட்டியின் ஆய்வுப் பிரிவு சேர்த்துவைத்த கோப்புகள் இருக்கின்றன. 1970-80களின் பருத்தி ஊழல் விவகாரம் போன்றவற்றுக்கு நல்ல இடம். அங்கே இரண்டு மாதம் தங்கிப் படிக்க 3,000 யூரோ தரும் விசெக்ராத் உதவித்தொகை ஒன்று உண்டு. பிரேமன் பல்கலையின் கிழக்கு ஐரோப்பிய ஆய்வு மையம் (1982) தணிக்கைக்குத் தெரியாமல் சுற்றிய தலைமறைவு வெளியீடுகளுக்குப் பெயர்போனது. ஜார் மன்னர்களின் காலத்துக்குப் பின்னோக்கிப் போவதாக இருந்தால் ஹெல்சின்கி: 1828 முதல் 1917 வரை ரஷ்யப் பேரரசில் அச்சானவற்றின் கட்டாயப் பிரதிகள் அந்த ஊர்ப் பல்கலை நூலகத்துக்கு வந்துசேர்ந்தன. அமெரிக்கா போகாமலே பயன்படுத்தக்கூடிய ஒன்று, இல்லினாய் பல்கலை நூலகத்தின் ஸ்லாவிய உசாத்துணைச் சேவை. உலகின் எந்த மூலையிலிருந்தும் கேள்வி அனுப்பலாம், கட்டணம் இல்லை. "இந்தப் பத்திரிகையின் 1939 இதழ்கள் எங்கே இருக்கின்றன" என்பது மாதிரித் திட்டமாகக் கேட்டால் திட்டமாகப் பதில் வரும்.

கையெழுத்து இன்னொரு சுவர். அச்சு சிரிலிக் படிப்பவருக்குக் கையெழுத்துச் சிரிலிக் வேற்று மொழி மாதிரி இருக்கும். அச்சில் "த" ஒலிக்கான எழுத்து கையெழுத்தில் ஆங்கில எம் போலவும், அதன் ஒலிப்புடை இணை ("நதி" என்பதில் நாம் ஒலிக்கும் த) ஆங்கில ஜி போலவும் மாறிவிடும். இ, ல, ம, ஷ எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரிக் கொக்கிகளாக வரிசைகட்டி நிற்கும். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லை ஊகித்துத்தான் பிரிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே பயிற்சியைக் கையெழுத்து வடிவத்தில் எழுதுங்கள். பின்னால் கற்றுக்கொள்ளலாம் என்று தட்டச்சிலேயே ஓட்டியவர்கள் காப்பகத்தில் பக்கத்துக்கு அரை மணி நேரம் செலவழிப்பார்கள். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் இப்போது வழக்கில் இல்லாத சில எழுத்துகளும், மெய்யில் முடியும் சொல்லின் வாலில் ஒரு ஒலியற்ற எழுத்தும் கூடுதலாக இருக்கும். அதைப் பழக ஒரு மாலை போதும்.

வீட்டிலிருந்து தொடங்குவதற்கு ஒரே ஒரு கண்டிப்பான அறிவுரை: உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். நம் எழுத்தில் க ஒன்றுதான். அது எங்கே வல்லொலி, எங்கே மெல்லொலி என்பதை இடம் தீர்மானிக்கிறது. ரஷ்யனில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றும். விருந்தாளிக்கும் எலும்புக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் "கோஸ்த்" என்றே வரும். சொல்லின் முதலில் ஒலிப்புடை எழுத்தை ஒலிப்பதும், இரு உயிருக்கு நடுவே ஒலிப்பில்லாததை ஒலிப்பில்லாமலே விடுவதும் தமிழ் நாக்குக்குத் தனிப்பயிற்சி கேட்கும். ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும். நாவின் நடுவை மேலண்ணத்துக்கு உயர்த்திச் சொல்லும் மென்மெய், அப்படி உயர்த்தாத வன்மெய் என்ற வேறுபாடும் அப்படியே. ஆனால் ன, ண இரண்டையும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஓரிரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

இலக்கணத்தில் நிலைமை தலைகீழ். ஆங்கிலப் பாடநூல் விநோதமாகக் காட்டுவது பலவும் நமக்கு வீட்டுச் சாமான். "அவர் ஆசிரியர்" என்பதில் நாம் "இருக்கிறார்" போடுவதில்லை, அவர்களும் போடுவதில்லை. "எனக்குக் குளிர்கிறது", "எனக்குப் பிடித்திருக்கிறது", "எனக்கு இருபது வயது", "என்னிடம் பணம் இருக்கிறது" எல்லாம் நம் பாணியிலேயே அமையும். ரஷ்ய வாக்கியத்தை ஆங்கிலத்தில் மாற்றிப் பிறகு தமிழில் யோசிக்காமல் நேராகத் தமிழிலிருந்து போங்கள். வேற்றுமை ஆறுதான், எட்டு படித்த நமக்கு அது புதிதல்ல. தொல்லை எங்கே என்றால், நம் உருபு எல்லாப் பெயருக்கும் ஒன்றே. அங்கே பால், எண், ஈறு பார்த்து மாறும், அடைமொழியும் கூடவே மாறும். அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு வேற்றுமைக்கு இருபது முழு வாக்கியம் மனப்பாடம் செய்வது நிற்கும். வினையின் நிறைவு–தொடர் இணைகள்தான் கடைசிவரை துரத்தும். "எழுதினேன்", "எழுதிவிட்டேன்" வேறுபாடு ஓரளவு கைகொடுக்கும், முழுக்கப் பொருந்தாது. வினையை எப்போதும் சோடியாகவே குறிப்பேட்டில் எழுதுங்கள். அழுத்தக் குறியையும் சேர்த்து எழுதுங்கள். அச்சில் அது வராது, அழுத்தம் தவறினால் உயிரொலியே மாறிவிடும்.

---

கூகை எழுதியது:

மொழித் திறனைக் காட்டுவது பற்றி மட்டும். அமெரிக்க வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பிக்கும்போது ரஷ்யனில் பி1 இருந்து, அடுத்த கோடைக்கு எங்கே போகிறீர்கள் என்ற திட்டமும் இருந்தால் கோப்பு பரிசீலனைக்குள் நிற்கும். "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. சான்றிதழைவிட வலுவானது, எழுத்து மாதிரியில் ரஷ்ய மூலங்களை நேரடியாகப் பயன்படுத்தியிருப்பது. மாதிரி பெரும்பாலும் 15 முதல் 25 பக்கம் கேட்பார்கள். அதில் இரண்டு மூன்று ரஷ்யச் செய்தித்தாள் கட்டுரையோ அச்சான ஆவணத் தொகுதியோ அடிக்குறிப்பில் இருந்தால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். மொழி ஆசிரியரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் சேர்க்கலாம். ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், மற்ற இரண்டும் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசி நாள் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. பரிந்துரை எழுதுபவரை அக்டோபரிலேயே பிடித்து, நோக்க அறிக்கை வரைவையும் எழுத்து மாதிரியையும் கையில் கொடுத்துவிடுங்கள். வெறும் கையோடு கேட்டால் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்ற கடிதம்தான் வரும், அது குப்பை. நோக்க அறிக்கையில் "மத்திய ஆசியா மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். செம்மரம் சொன்ன ஃபெர்கானா கால்வாய் மாதிரி ஒரு இடம், ஒரு ஆண்டு, ஒரு கேள்வி, அதற்கான ஆவணம் எங்கே இருக்கிறது என்று முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். வழிகாட்டியாக நினைக்கும் பேராசிரியருக்கு செப்டம்பரில் ஆறு ஏழு வரியில் மின்னஞ்சல் எழுதி, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஓய்வுபெறப் போகிறவர், விடுப்பில் போகிறவர் பெயரை எழுதி வீணான விண்ணப்பங்கள் கணக்கில்லை.

---

செம்மரம் எழுதியது:

பிஷ்கேக் பள்ளிக்கு எழுதும்போது நிலைத்தேர்வு எப்போது என்று கேளுங்கள். சிலர் இணையத்தில் முன்கூட்டியே வைப்பார்கள், சிலர் முதல் நாள் காலையில். முன்கூட்டி வைக்கும் இடத்தில் புத்தகம் பார்த்து எழுதி ஒரு நிலை மேலே போய்விடாதீர்கள். சிறு பள்ளிகளில் கீழ்நிலை வகுப்புக்கு ஆள் சேராமல் மாற இடமே இருக்காது. தனிவகுப்பு, குழுவகுப்பு இரண்டும் இருந்தால் முதல் நான்கு வாரம் தனி, பிறகு குழு என்று கேட்டுப் பாருங்கள். உச்சரிப்புக் கோளாறுகள் தனிவகுப்பில்தான் திருத்தப்படும். போகும் முன் போனிலும் கணினியிலும் ரஷ்ய விசைப்பலகையை ஏற்றி, ரஷ்யர்கள் தட்டச்சும் அதே தளக்கோலத்திலேயே பழகிவிடுங்கள். ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்து ரஷ்ய எழுத்துகளை அடுக்கிய ஒலியியல் விசைப்பலகை தொடக்கத்தில் சுகமாக இருக்கும், ஆனால் காப்பகத்தின் கணினியில் அது கிடைக்காது.